பேட்டரிக்குள் இருக்கும் பதிவைப் படிக்க விடுங்கள்

மத்திய சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்ற அமைச்சகத்துக்கு,

வணக்கம். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை மனதார வரவேற்ற மின்வாகன பேட்டரி சீரமைப்பாளர்கள் நாங்கள். உடைத்து உலோகம் எடுப்பதோடு நிற்காமல், பழைய பேட்டரியைச் சீர்செய்து மறுபடி பயன்படுத்தவும் அதில் இடம் வைத்தீர்கள். ஆனால் அந்த வேலைக்கு வரும் பேக்குகள், அதாவது செல்கள் அடுக்கிய பேட்டரிப் பெட்டிகள், உள்ளே இருக்கும் பதிவு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டே வருகின்றன.

ஒரு ஸ்கூட்டர் பேக்கில் 14 வரிசை செல்கள் தொடராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை தளர்ந்தாலே, செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ். மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். மற்ற 13 வரிசைகளில் இன்னும் பல வருட உழைப்பு மிச்சமிருக்கலாம். கெட்டது எது, எத்தனை முறை சார்ஜ் ஏறியது, எவ்வளவு சூடானது என்பதெல்லாம் அந்தப் பலகையிலேயே பதிவாகியிருந்தும் படிக்க வழியில்லை. மின்சாரம் இருக்கும் செல்களுக்கு நடுவே இறுகிக் கிடக்கும் பசையைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு வரிசையையும் முழுக்க ஏற்றி இறக்கி, கொள்ளளவும் உள்மின்தடையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உளி சற்றே சறுக்கினாலும் தீதான்.

இத்தனை செய்தும் பிடிபடாத குறை ஒன்று உண்டு. எப்போதோ 2 வோல்ட்டுக்குக் கீழே போய் அப்படியே கிடந்த செல்லில் தாமிரம் கரைந்து, திரும்ப ஏற்றும்போது உள்ளே படிந்திருக்கும். மீட்டரில் 3.7 வோல்ட் காட்டும் அதே செல், பின்னாளில் ஒரு வீட்டு சோலார் பெட்டிக்குள் ஷார்ட் ஆகலாம். அந்தப் பழைய சரிவைச் சொல்லக்கூடியது பி.எம்.எஸ். பதிவு மட்டுமே. அதைப் பார்க்காமல் எந்த மனசாட்சியோடு சான்றிதழில் கையெழுத்திடுவது?

நாங்கள் கேட்பது படிக்கும் அனுமதி மட்டுமே. எதையும் மாற்றி எழுத உரிமை கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், பேட்டரி வாங்கியவருக்கும் அவர் சார்பில் வேலை செய்பவருக்கும் 2024 ஆகஸ்ட் 18 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே தொழில் ரகசியம் என்ற ஒரே பதில் வருகிறது. செல் தேய்ந்த கணக்கில் என்ன ரகசியம்?

மறுசுழற்சி ஆலைகளின் பாடும் இதேதான். உள்ளே இருப்பது இரும்பு பாஸ்பேட் வகையான எல்.எஃப்.பி.யா, நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி.யா என்று பல பேக்குகளின் மேல் எழுதியிருப்பதில்லை. இரண்டும் சேர்ந்து அரைபட்டால் இரும்பும் பாஸ்பேட்டும் கலந்து, நிக்கலையும் கோபால்ட்டையும் பிரிக்கும் செலவு ஏறுகிறது. 2026-27 முதல் 90 சதவீத மீட்பு வேண்டும் என்கிறது விதி. உள்ளே இருப்பது என்னவென்றே சொல்லாமல் அந்த இலக்கை எட்டச் சொல்வது நியாயமில்லை.

அடுத்த திருத்தத்தில் ஒரு பிரிவு சேர்த்துத் தாருங்கள்: பதிவு பெற்ற சீரமைப்பாளருக்கு பி.எம்.எஸ். பதிவைப் படிக்கும் அனுமதியை உற்பத்தியாளர் கட்டணமின்றித் தர வேண்டும். செல்லின் வேதியியல் வகை பேக்கின் மேல் அழியாத எழுத்தில் இருக்க வேண்டும். பணிவோடு கேட்கிறோம், தயவுசெய்து இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
மின்வாகன பேட்டரி சீரமைப்பாளர்கள்