எந்தச் சுறா என்று யார் பார்த்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருங்கடல் தீவுகளின் சுறாக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. கூடவே போட்டிருந்த ‘அன்று இருந்தவை, இன்று இல்லாதவை’ பட்டியல்தான் உறுத்துகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் நேராக ஒரு வருஷம் இருக்கிறது. பார்த்தவர் யார், எதை வைத்து அந்த இனம் என்றார் என்பது இல்லை. பேரேட்டில் ஒரு தொகையைக் கண்டால் ‘சிட்டை எங்கே?’ என்று கேட்டுப் பழகிய ஊர்க்காரன் நான்.

செயின்ட் பால் பாறைகளையே எடுத்துக்கொள்வோம். பிரேசில் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் நடுவே கிடக்கும் சின்னப் பாறைக்கூட்டம். 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் அங்கே போன டார்வின், தூண்டிலில் மாட்டிய மீனுக்காகச் சுறாக்களும் மாலுமிகளும் மல்லுக்கட்டியதை எழுதியிருக்கிறார். சுறா ஏராளமாக இருந்தது என்பதற்கு நல்ல சாட்சிதான். ஆனால் எந்தச் சுறா? அதை அவர் சொல்லவில்லை. உங்கள் பட்டியலோ 1832 என்று போட்டு, பக்கத்தில் ‘கலாபகோஸ் சுறா’ என்கிறது. அந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்ததே 1905இல்தான்! அது அந்தப் பாறைகளில் அற்றுப்போய்விட்டதாக 2011இல் ஆய்வாளர்கள் சொன்னபோது, பிற்காலப் பயணங்களின் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

கலாபகோஸ் சுறாவையும் அதைப் போலவே தோன்றும் டஸ்கி சுறா என்ற இனத்தையும் பிரித்தறிவது லேசான காரியமில்லை. இரண்டுக்கும் முதுகில் இரு துடுப்புகளுக்கு நடுவே மெல்லிய தோல் மேடு வரப்புபோல ஓடும். முதல் துடுப்பு எந்த இடத்தில் எழுகிறது, எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். மரபணுவிலும் இரண்டும் மிக நெருக்கம். படகில் இருந்தபடி எட்டிப் பார்த்து எழுதிய பெயரை எப்படி அப்படியே ஏற்பது?

நம் பக்கத்து உதாரணம் புதுச்சேரிச் சுறா. 1839இல் பெயர் பெற்றது. உலக அருங்காட்சியகங்களில் அதன் மாதிரிகள் சுமார் இருபதுதான். உறுதியான கடைசிப் பதிவு 1979. இதைத் தைரியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், உடல் கையில் இருப்பதுதான். யாரும் எப்போதும் எடுத்துப் பல்லை எண்ணிச் சரிபார்க்கலாம்.

அதற்காக, கையில் இருக்கும் பொருளெல்லாம் ஆதாரமாகிவிடாது. காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் சுறாத் தாடை தொங்கியது. என்னிடம் அந்தமான் என்றார் கடைக்காரர். அடுத்து வந்தவரிடம் இலங்கை என்றார். பல்லைப் பார்த்து ஓரளவு இனம் சொல்லலாம், ஆனால் எந்தக் கடல், எந்த வருஷம் என்பதற்கு எழுத்து ஒன்றுமில்லை. தீவுக்கணக்கில் அதற்கு இடமில்லை.

பழைய குறிப்புகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ‘சுறா, இனம் தெரியாது’ என்று எழுதி வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகிறது? மாதிரி உள்ளது, படம் மட்டும் உள்ளது, வாய்ச்சொல் மட்டும் என்று மூன்று வகையாகப் பிரித்து அந்தப் பட்டியலை இன்னொரு முறை வெளியிடுங்கள்.

அப்புறம் ஒன்று. தொண்டிப் பக்கமிருந்து எங்கள் சந்தைக்கு வரும் சுறா தலையும் துடுப்பும் போய்த்தான் வருகிறது. புட்டு செய்யலாம், இனம் சொல்ல முடியாது. கரையில் வெட்டும் முன் முழு மீனைப் பக்கவாட்டில் ஒன்று, வாய்ப்பக்கம் ஒன்று எனப் படமெடுத்து, பிடித்த இடத்தையும் தேதியையும் குறித்துவைக்கும்படி மீனவ வாசகர்களிடம் உங்கள் இதழே கேட்கலாமே.

– வாசகர், கோட்டையூர்