சாவர் என்று நீ சொன்னபோது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். புதிய தொழிற்சாலை டாக்காவை அடுத்த சாவரில் என்று போனில் சொன்னாயே, நான் பேசாமல் இருந்ததும் லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டாய். லைன் போகவில்லை.

1971இல் நான் திரிபுராவில் ராணுவ லாரி ஓட்டியது உனக்குத் தெரியும். ரயில் தர்மநகரோடு நின்றுவிடும். அங்கிருந்து அகர்தலா வரை மலைப்பாதையில் சக்திமான் வண்டிதான். 15 லட்சம் பேர் இருந்த அந்தச் சின்ன மாநிலத்தில் வங்காளதேசப் போருக்குத் தப்பி கிட்டத்தட்ட அதே அளவு அகதிகள் எல்லை தாண்டி வந்து நிறைந்திருந்தார்கள். பிஸ்ராம்கஞ்சில் வங்காளதேச டாக்டர்களே மூங்கிலால் ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருந்தார்கள், 480 படுக்கை. இங்கிலாந்தில் மேற்படிப்பைப் பாதியில் விட்டு வந்த ஜஃபருல்லா சௌத்ரி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். நர்சுகள் போதாமல், அகதியாக வந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்தார்கள். கொமில்லாக்காரி ஒருத்தியும் அதில் இருந்தாள். பெயர் எழுதவில்லை, அவளுக்கும் பேரன் பேத்திகள் இருக்கலாம்.

அந்த வருடம் கண்நோய் பரவியது. அதற்கு விடுதலைக் கோஷமான 'ஜொய் பாங்ளா' (வங்காளம் வெல்க) என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மருந்துப் பெட்டி இறக்கப் போன எனக்கும் வந்தது. பெஞ்சில் உட்காரவைத்து, கட்டைவிரலால் இமையை விலக்கிச் சொட்டு மருந்து விட்டாள். ஒரு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். ராணுவத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? மறுநாளே ஓட்டினேன்.

அதன்பின் ஒவ்வொரு நடைக்கும் பேட்டரிக் கட்டைகள் வாங்கிப்போனேன். வார்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. சுதந்திர வங்காள வானொலி கேட்காமல் காயம்பட்ட பையன்கள் தூங்கமாட்டார்கள். எங்கள் பேச்செல்லாம் அரைகுறை இந்தியில். அவள் ஊர் ரசமலாய்க்கு ஈடு உலகத்திலேயே கிடையாதாம். கதைகளில் காதலர்கள் நிலவைப் பேசுகிறார்கள். நாங்கள் சாப்பாட்டைத்தான் பேசினோம். பசி அப்படி.

டிசம்பர் 16, பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி வந்தபோது நான் தர்மநகரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், ஊர் திரும்பிய கூட்டத்தோடு அவளும் போய்விட்டிருந்தாள். விலாசம் இல்லை. எரிந்த வீட்டுக்கு விலாசம் எதற்கு என்று முன்பே ஒருமுறை சொல்லியிருந்தாள்.

போருக்குப் பின் அந்த டாக்டர் ஆஸ்பத்திரியைச் சாவரில் நிறுவினார். 2023இல் அவர் இறந்தபோது வந்த பழைய படங்களில் நான் தேடியது நர்சுகளின் முகங்களைத்தான்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். சண்டை வந்தால், "அந்தக் கண் மருந்துக்காரியிடமே போங்கள்" என்பாள். அவள் இருந்தவரை அது வீட்டுக் கேலி. இப்போது சேர்ந்து சிரிக்க ஆளில்லாததால் கனக்கிறது.

நீ யாரிடமும் விசாரிக்கக் கிளம்பாதே. எனக்குத் தெரிந்தவளுக்கு வயது இருபது. நீ தேடினால் கிடைப்பது வேறு யாரோ ஒரு பாட்டி.

கொமில்லா பக்கம் வேலையாகப் போனால் மட்டும் அந்த ரசமலாயைச் சாப்பிட்டுப் பார்த்து, அவள் அளந்தது உண்மையா என்று எழுது. பாசம் பொங்கி இங்கே வாங்கி வந்துவிடாதே, எனக்குச் சர்க்கரை.

அன்புடன்,
அப்பா