கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. சந்தேகத்தைப் பேர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னால், என் மாணவிகள் கேட்பது இவைதான்: "ஒரே ஒரு தடவை என்றால் குழந்தை உண்டாகாதுதானே மிஸ்?" "நாள் தள்ளிப்போனால் பப்பாளி சாப்பிட்டால் சரியாகிவிடுமா?" "நர்ஸ் அக்காவிடம் கேட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவார்களா?"

முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்லிவிடுவேன். மூன்றாவதுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புதுயுகம் திட்டத்தில் நாப்கின் தருகிறீர்கள், இரும்புச்சத்து மாத்திரை தருகிறீர்கள். வயதுக்கு வந்த நாள் முதல் கிராம சுகாதார செவிலியருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். ஆனால் கருத்தடை பற்றிய பேச்சு மட்டும், கல்யாணம் ஆனவர்களுக்கான தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் பேர் ஏறிய அப்புறம்தான். காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதே இவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் பாடம் இருக்கிறது, சரி. வணிகவியல் எடுத்தவளுக்கும், பத்தோடு நின்று மில் வேலைக்குப் போனவளுக்கும் யார் சொல்வது?

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். சொல்லாமல் விட்டதால் மூன்று, நான்கு மாதம் மறைத்து, அவசரக் கல்யாணத்தில் படிப்பை விட்டவர்களைத்தான் நான் பார்க்கிறேன். 18 வயது ஆகாதவள் என்றால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குக்குப் பயந்து போலி மருத்துவரிடம் கூட்டிப் போகிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதை எழுதி வைத்த ஒரு பலகையைக்கூட எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நான் பார்த்ததில்லை.

நாப்கின் தருகிற நாளில் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, செவிலியரை அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். கரு எப்படி உண்டாகிறது, எப்படித் தடுப்பது, யாராவது வற்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம் என்பது வரை எல்லாவற்றையும் பேசட்டும். சந்தேகம் கேட்டவளைப் பற்றி வீட்டில் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். வாய்ச்சொல்லை எந்தப் பிள்ளையும் நம்பாது. அப்புறம், 10 முதல் 19 வயதுக்காரர்களுக்கென்று 2014-இல் தொடங்கிய திட்டத்தின் ஆலோசனை மையங்களை மாலை 4 மணிக்கு மேலும் திறந்து வையுங்கள். பள்ளி நேரத்தில் திறந்தால் இவர்கள் எப்படி வருவார்கள்?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை