பேனாவைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கும் நண்பர்களுக்கு

தமிழில் லேப்டாப் ரிவ்யூ செய்யும் நண்பர்களே,

வணக்கம். அறுபது, எழுபதாயிரம் ரூபாய்க்குள் திரையை முழுக்கப் பின்னால் மடக்கக்கூடிய டச் லேப்டாப் ஒன்று வந்துவிட்டால் உங்கள் வீடியோ எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். போன வாரம் உங்களில் ஒருவர் போட்டதும் அப்படித்தான். பெட்டி பிரிக்க நாலு நிமிடம். சார்ஜரைத் தூக்கிக் காட்டினார். பேனாவைத் தூக்கிக் காட்டி, "பேனாவும் கூடவே குடுத்துடறாங்க மக்களே" என்றார். திரையில் விறுவிறுவென்று ஒரு கையெழுத்து, பக்கத்தில் ஒரு இதயம். அவ்வளவுதான், பேனா பெட்டிக்குள் போய்விட்டது. மீதி நேரம் முழுக்க பெஞ்ச்மார்க் எண்கள், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மடக்கு லேப்டாப் என்றால் அதில் எழுதிக் காட்டுங்கள். தமிழில், மெதுவாக, ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள்.

மெதுவாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் ஓடுகின்றன. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி. பேனா முனை அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறது என்பதைச் சுற்றியுள்ள கம்பிகளில் சிக்னல் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் லேப்டாப் கண்டுபிடிக்கிறது. கணக்கில் வரும் சிறு பிழை வேகமாக இழுக்கும்போது தெரியாது. மெதுவாக, சாய்வாக இழுக்கும்போது கோடு பாம்பு நெளிவதுபோல் நெளியும். ஆகவே விறுவிறுவென்று போடும் கையெழுத்து எதையும் சோதிப்பதில்லை. சுமாரான பேனாவிலும் அது அழகாகத்தான் விழும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸின் பெயின்ட் ஆப்பைத் திறந்துகொள்ளுங்கள். நோட்ஸ் ஆப் வேண்டாம், பல ஆப்கள் நெளிவைத் தாங்களே சரிசெய்துவிடும். பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைத் திரையில் சாய்வாக வைத்து, ஒரு கோட்டுக்கு நாலைந்து விநாடி எடுத்து, பத்துக் கோடு போடுங்கள். இரும்பு ஸ்கேல் வேண்டாம், டச் குழம்பும். சார்ஜர் இல்லாமல் ஒருமுறை, சார்ஜர் செருகி ஒருமுறை. எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜர் இருந்தால் மின் இரைச்சல் ஏறி, நல்ல திரையிலும் கோடு நடுங்கும், தொடாத இடத்தில் தொட்டதுபோல் ஆகும். நம் வீடுகளில் எர்த் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு 'கண்ணன்' என்று எழுதுங்கள். 'ண'வின் சுழிகள் நெருக்கமாக விழ வேண்டும். நெளியும் திரையில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புள்ளி இன்னும் பெரிய சோதனை. எழுதுகிற வேகத்தில் புள்ளியை யாரும் அழுத்தி வைப்பதில்லை, தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டுப் போவோம். முனை பதிய அதிக அழுத்தம் கேட்கும் பேனாவாக இருந்தால் அந்தப் புள்ளி விழாது. 'கண்' 'கண' ஆகிவிடும். '4096 நிலை அழுத்தம்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பது இதற்குப் பதில் அல்ல. அழுத்திய பிறகு எத்தனை படி என்பதுதான் அந்த எண். முதல் தொடுதல் எவ்வளவு லேசாக இருக்கலாம் என்பதை அது சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 'ஐ'க்கும் 'ஜே'க்கும் மட்டும் புள்ளி வைத்தால் போதும். நமக்கு வரிக்குப் பத்துப் புள்ளி. இதைத் தமிழ் ரிவ்யூவில் பார்க்காமல் வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

வகுப்பில் குறிப்பெடுக்கத்தான் இதை வாங்குகிறார்கள். முழுக்க மடங்காத சாதாரண லேப்டாப்பைவிடக் கூடுதல் பணம் கொடுப்பதே அதற்காகத்தான். வாங்கி மூன்றாம் நாள் புள்ளி விழவில்லை என்று கொண்டுபோனால், சர்வீஸ் சென்டரில் டச் டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா இடத்திலும் டச் எடுக்குதே சார், இது டிஃபெக்ட் இல்ல" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. பழுது இருந்தால்தானே மாற்றித் தருவார்கள்? தரக்குறைவு வாரன்ட்டியில் வராது. வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. அதைச் சொல்லும் இடத்தில் இருந்த நீங்கள் இதயம் வரைந்துகொண்டிருந்தீர்கள்.

பேனா எந்த வகை என்பதையாவது சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் எம்பிபி (MPP) ஒரு வகை, வாகம் (Wacom) நிறுவனத்தின் ஏஇஎஸ் (AES) இன்னொரு வகை, பல குரோம்புக்குகளில் யூஎஸ்ஐ (USI). ஒன்றின் பேனா மற்றொன்றில் எழுதாது. முதல் இரண்டிலும் எழுதும் பேனாக்கள் சில உண்டு. பேனா தொலைந்தால் எதை வாங்குவது என்று தெரியாமல் தவிப்பவர் ஏராளம். அதற்குள் போடுவது நாலு ஏ (AAAA) பேட்டரி என்றால் அதையும் சொல்லுங்கள், தெருமுனைக் கடையில் மூன்று ஏ (AAA) பேட்டரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

கீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. "360 டிகிரி" என்று சுற்றிக் காட்டுவது கீலைச் சோதிப்பது ஆகாது. டச் கண்ணாடி சேர்வதால் மூடி கனமாகிறது, அதைத் தாங்கக் கீல் இறுக்கமாக இருக்கிறது. பல மாடல்களில் அந்தக் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை மரைகளில்தான் நிற்கின்றன. ஒரு கையால், ஒரு மூலையைப் பிடித்தே திறந்துகொண்டிருந்தால் பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வரும். மூலையைப் பிடித்துத் திறந்து, மூடி முறுக்கிக்கொள்கிறதா என்று காட்டுங்கள். மேல் மூலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, ஆட்டம் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று காட்டுங்கள். கண்ணாடியும் அதற்கு அடியில் படம் காட்டும் பேனலும் பெரும்பாலும் ஒட்டியே வருவதால், விரிசல் விட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்தப் பேனலின் விலையை சர்வீஸ் சென்டரில் கேட்டு வீடியோவில் போட்டீர்கள் என்றால் புண்ணியமாகப் போகும்.

நிறுவனங்களும் லேசுப்பட்டவை அல்ல. வெளிச்சம் வெறும் 250 நிட்ஸ், நிறங்களில் 45 சதவீத என்டிஎஸ்சி மட்டுமே காட்டும் மங்கலான பேனலுக்கு மேலே பளபளக்கும் கண்ணாடியைப் போட்டு 'விவிட் டிஸ்ப்ளே' என்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் விவிடாகத் தெரியும். ப்ராசஸர் ரைசன் 5 7530யூ என்று எழுதியிருந்தால், 7530-இன் மூன்றாவது இலக்கமான 3, உள்ளே இருப்பது ஜென் 3 என்ற பழைய தலைமுறை வடிவமைப்பு என்பதைச் சொல்கிறது. பெட்டியில் அதை விளக்க மாட்டார்கள். 8 ஜிபி ரேமைப் பிறகு கூட்ட முடியாதபடி போர்டிலேயே சால்டர் செய்துவிட்டு 'லைட்வெயிட்' என்று பெயர் வைப்பார்கள். எடை என்னவோ ஒன்றரைக் கிலோ. டேப்லெட்போல் ஒரு கையில் பிடித்துப் பத்து நிமிடம் படித்துப் பார்த்தவருக்குத் தெரியும். ஸ்பான்சர் தருகிறவர்களிடம் இதையெல்லாம் கேட்பது கஷ்டம்தான், புரிகிறது.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் பலர் பணம் கட்டுகிறார்கள். அந்தக் கோபம்தான் இது. ட்ரோன் ஷாட் இருக்கட்டும், பின்னணி இசையும் இருக்கட்டும். நடுவில் மூன்று நிமிடம் ஒதுக்கி, உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டு, மெதுவாக ஒரு பக்கம் தமிழ் எழுதிக் காட்டுங்கள். கேமராவைக் கிட்டத்தில் வையுங்கள், புள்ளி விழுகிறதா என்று தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
அடுத்த வீடியோவுக்குக் காத்திருக்கும் ஒருவர்