காத்திருக்கும் தம்பதிக்கும் பேச ஒரு ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தையின்மை சிகிச்சைக்காகத் தஞ்சாவூர், கும்பகோணம் என்று அலையும் தம்பதிகள் எங்கள் பக்கத்தில் நிறைய. ஊசி, மாத்திரை பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. மாதாமாதம் உடைந்துபோகிற மனசுக்கு? என் நாத்தனார் பிள்ளை வரம் வேண்டி திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் படிக்கு நெய் மெழுகிக் கோலம் போட்டு வேண்டிக்கொண்டவள். தெருவில் வளைகாப்பு என்றால் வளையல் அடுக்க மட்டும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனாலும் கூப்பிட மாட்டார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்குத் தொலைபேசி, இணையவழி மனநல ஆலோசனை பெரிய உதவி. பஸ் ஏற வேண்டாம், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். கட்டணம் கட்டி வீடியோவில் பேசுவதானால், அந்தக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (RCI) பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். கணவரும் கூட உட்கார வேண்டும். அவருக்கும் அழுகை இருக்கிறது.

சரி, தத்தெடுக்கலாம் என்று மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவில் பதிவு செய்தால் வருடக்கணக்கில் காத்திருப்பு. குழந்தை வீட்டுக்கு வந்தபின் 2 ஆண்டுகள், 6 மாதத்துக்கு ஒருமுறை விசாரிக்க வருகிறார்கள். ஆனால் குழந்தை வருவதற்கு முந்தைய காத்திருப்புக் காலத்தில்தான் ‘யார் பெற்ற பிள்ளையோ’ என்ற பேச்சையெல்லாம் தாங்க வேண்டியிருக்கிறது. டெல்டா மாவட்டங்களின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், வீட்டு ஆய்வுக்கு வரும்போதே ஆலோசகர் ஒருவருடன் மாதம் ஒரு வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்து தர வேண்டும்.

– ஒரு வாசகி, மன்னார்குடி