ஸ்கேனில் தெரியாத வயிற்று வலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயிற்று வலி என்றாலே கேஸ், அல்சர், கல் என்றுதான் மருத்துவப் பக்கங்களில் படிக்கிறோம். குடலிலும் இரைப்பையிலும் ஒரு கோளாறும் இல்லாமல், தோலும் சதையுமான வயிற்றுச் சுவரிலேயே வருகிற வலி ஒன்று உண்டு. எனக்கு வந்தது அதுதான்.

வீட்டில் மிஷின் வைத்து பிளவுஸ் தைக்கிறேன். தொப்புளுக்கு வலப்பக்கம், இரண்டு விரற்கடை கீழே, ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தும். குனிந்து துணி வெட்டினால், இருமினால், அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் அதிகமாகும். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இதை எல்லோரிடமும் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "குடல் ஏறிக்கிச்சு" என்று மாமியார் விளக்கெண்ணெய் தடவி வழித்துவிட்டார். அப்புறம் கேஸ் மாத்திரை, வயிறு ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கடைசியில் சி.டி. எல்லாம் நார்மல். தனியார் மருத்துவமனை ஒன்றில் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்கள். அதையும் என்னிடம் கேட்கவில்லை, என் கணவரிடம் கேட்டார்கள். தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை பேரில் வலிக்கிற இடத்தை அழுத்திப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

கண்டுபிடித்தவர் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் இருந்த சர்ஜன். ஃபைலைத் திறக்கவே இல்லை. "ஒரு விரலால் காட்டும்மா" என்றார். காட்டினேன். அங்கே தன் விரலை வைத்து அழுத்தியபடியே, கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு தலையையும் தோளையும் தூக்கச் சொன்னார். கத்திவிட்டேன். உள்ளே உறுப்பில் கோளாறு என்றால், இறுகும் சதை அதற்கு மறைப்பாகி வலி குறையுமாம். கூடினால் வலி பெரும்பாலும் சுவரில்தானாம். அங்கே தோலைக் கிள்ளினாலும் மறுபக்கத்தைவிட அதிகமாக வலித்தது. மரப்பு ஊசி போட்டார். சில நிமிடங்களில் வலி நின்றுவிட்டது. நோய் இன்னதென்று உறுதிசெய்வதும் வைத்தியமும் அந்த ஒரே ஊசிதான். வலி திரும்பியபோது மறுபடி போட்டார்கள். ஊசிக்கு அடங்காவிட்டால் சின்ன ஆபரேஷனில் அந்த நரம்பை வெட்டிவிடுவார்களாம்.

முதுகுத்தண்டிலிருந்து விலா ஓரமாகச் சுற்றி வருகிற நரம்பு, வயிற்றின் நடுச்சதையில் ஒரு சிறு துளை வழியே வளைந்து தோலுக்கு வருகிறது. பாவாடை நாடா துளையில் சிக்கிக்கொள்வதுபோல அது அங்கே சிக்கிக்கொள்கிறது. ஸ்கேனில் இது தெரியாது. தலையைத் தூக்கச் சொல்லும் அந்தச் சோதனையை கார்னெட் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் 1926-லேயே எழுதிவைத்திருக்கிறார். கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். காசு வராது என்பதால்தானோ என்னவோ, யாரும் செய்வதில்லை!

ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடை குறைந்தாலோ, மலம் கறுப்பாகவோ ரத்தத்தோடோ போனாலோ, காய்ச்சல், வாந்தி, மஞ்சள் காமாலை இருந்தாலோ உள்ளே பார்த்தே ஆக வேண்டும். வயதான பெண்களுக்குப் புதிதாக வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டால் அதை கேஸ் என்று தள்ளவே கூடாது, சினைப்பையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆனால் வலி விரல் நுனி அகலத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், முதலில் அங்கே கை வைத்துப் பார்க்கட்டும்.

உங்கள் பக்கத்தில் எழுதும் மருத்துவர் யாராவது இதை விளக்கமாக எழுதினால் நல்லது. கூடவே ஒரு சந்தேகம். என் பெரியம்மாவுக்கும் விலாவுக்குக் கீழே இதே மாதிரி வலி, அவருக்குச் சர்க்கரையும் உண்டு. மரப்பு மருந்தோடு சிலருக்கு ஸ்டீராய்டும் கலந்து போடுகிறார்கள், அது சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றும் என்கிறார்கள். அவரைப் போன்றவர்களுக்கு மரப்பு மருந்து மட்டும் போதுமா?

இப்படிக்கு,
வாசகி, பெருந்துறை, ஈரோடு மாவட்டம்