நம் கடை ஸ்டூல்கள் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கும்பகோணம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் கடைப் பட்டுப் பிரிவில் பெண்கள் உட்கார்ந்துகொண்டே பேசுகிறார்கள், வந்தவர்களுக்கு மரியாதை இல்லை, முதலாளியும் கண்டுகொள்வதில்லை என்று ஓர் அம்மா அதில் வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டீர்கள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மிடம்தான் துணி எடுத்தார்கள், அதனால் கோபம் எதுவும் இல்லை. ஆனால் 'மரியாதை இல்லை' என்றது மட்டும் உறுத்துகிறது.

கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். மதிய நேரம், கூட்டம் இல்லை. இரண்டு பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, முன்பு வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போன சேலைகளை மடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா வந்ததும் ஒருவர் உடனே எழுந்து வருகிறார். இன்னொருவர் எழவில்லை. அவர் மடியில் பாதி மடித்த திருபுவனம் பட்டு. அதன் விசிறி மடிப்பு உங்களுக்குத் தெரியும். நடுவில் கையை விட்டால் மொத்தமும் கலைந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் உட்கார்ந்தபடியே "வாங்கம்மா" என்கிறார். உட்கார்ந்து சொன்னாலும் 'வாங்க' 'வாங்க'தானே? எழுந்து வந்தவரைப் பற்றி அந்தக் குரல் பதிவில் ஒரு வார்த்தை கிடையாது. சரி, போகட்டும்.

இந்த ஸ்டூல்கள் சட்டப்படியும் இருக்க வேண்டியவை. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவைத் தமிழக அரசு சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டு, பிறகு உட்கார இடம் கேட்டுப் போராடியதில் கிடைத்தது. ஸ்டூலைப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தால் முறைக்கிற கடைகளும் இருக்கின்றன. ஊர் பேர் வேண்டாம்.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்பா காலத்தில் நம் கடையில் நின்று வியாபாரம் பார்த்தவர் யார்? வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. அப்பாவும் உட்கார்ந்திருப்பார், நீங்களும் எதிரே உட்கார்ந்திருப்பீர்கள், காபி வரும், பாதிப் பேச்சு குடும்ப விஷயமாக இருக்கும். அப்போது யாரும் மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை. கண்ணாடிக் கவுண்டர் வந்த பிறகுதான் விற்கிறவர் நிற்க வேண்டும் என்று ஆனது.

பட்டுப் பிரிவில் கண்ணாடி போட்ட அக்கா எங்கே என்று பலர் கேட்கிறீர்கள். அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். மூத்த பெண்ணுக்கு எடுத்த கலரைச் சொல்லி இளைய பெண்ணுக்கு வேறு கலர் எடுத்துப் போடுவாரே, அவர்தான். கூடுதல் சம்பளம் கேட்டிருந்தால் தந்திருப்பேன், அவர் கேட்கவில்லை. நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, ராத்திரி தூங்க முடியவில்லை என்றார். அவர் போனதும் எத்தனை வீட்டுக் கணக்கு அவர் தலையில் இருந்தது என்று தெரிந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் அது இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர்கள் புதியவர்கள், உங்கள் வீட்டு நிறங்கள் பழகக் கொஞ்சம் நாளாகும்.

ஊழியர்களை உற்சாகப்படுத்த வழி சொல்கிறேன் என்று சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். சுவரில் டார்கெட் போர்டு, 'மாத நட்சத்திரம்' என்று ஒரு போட்டோ. நான் ஒப்புக்கொள்ளவில்லை. தனித்தனி இன்சென்டிவ் இருந்தபோது நடந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்: வாசலில் உங்களைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பட்டு விற்பவருக்கு ஒரே சேலையில் கிடைப்பது, உள்ளாடைப் பிரிவில் நாள் முழுக்க விற்றாலும் கிடைக்காது. இப்போது மாடி முழுவதற்கும் ஒரே தொகை, எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பட்டுப் பிரிவில் சிலருக்கு இன்னும் முணுமுணுப்பு உண்டு, மறைப்பானேன். ஆனால் துண்டு வாங்க வந்தவரைச் சேலைப் பிரிவுக்காரரே கூட்டிக்கொண்டு போய் விடுவதை இப்போது பார்க்கிறேன். மதியச் சாப்பாடும் இரண்டு பந்தியாக ஒன்றாகத்தான், நானும் ஒரு பந்தியில் உட்காருகிறேன். எந்தச் சேலையில் சாயம் போகிறது என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிய வருகிறது.

ஊழியர்கள் சட்டையில் பெயர் அட்டை குத்தியிருக்கிறோம். "ஏய் பொண்ணு, அதை எடு" என்பதற்குப் பதில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் முகம் மாறுவதை நீங்களே பார்க்கலாம். பல வீட்டார் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள். போன தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் டப்பாவில் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த குடவாசல் குடும்பத்துக்கு இங்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். இத்தனை பெரிய கடைகள் வந்த பிறகும் மூன்று தலைமுறையாக இந்தப் படி ஏறுகிற உங்கள் எல்லோருக்கும் என் கைகூப்பு.

ஆவணி முகூர்த்தத்துக்குப் புதுச் சரக்கு வந்திருக்கிறது. கடை இரவு எட்டரைக்குச் சாத்தப்படும், ஃபால்ஸ், பிக்கோவுக்கு ஆவணி முதல் சிறு கட்டணம் உண்டு. வாடிக்கையாளர்களுக்கும் மேல்மாடியில் நாற்காலி கூட்டிப் போட்டிருக்கிறோம். அந்த அம்மாவும் அவசியம் வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
கும்பகோணம்